அக்கா என்னிடம் மறைத்த ஏழு மாதங்கள்

துக்க வீட்டிலும் நினைவு நாள் வீட்டிலும் கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அதனால் சொல்லாமலேயே எழுந்து, கை கழுவி, வாசலில் அக்காவின் முதலாண்டு நினைவு மலரான இந்தச் சிறு புத்தகத்தை வாங்கிக்கொண்டு நடக்கப் போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்த பெண்களுக்கும், அவருடைய ஒரே தங்கையாகிய நான் கைகூப்பி எழுதுகிறேன்.

“ஒங்க அக்காவப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடும்மா, நீதான் படிச்சவ” என்றார் அக்காவின் கணவரான மாமா. நான் வேப்பூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறவள். அதில் ‘நடத்தை: நன்று’ என்று எழுதி எழுதிப் பழகிய கைதான் இது. அக்காவுக்கும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கலாம். முடியவில்லை. எனக்கு அக்காவின் மேல் கோபம். ஓர் ஆண்டாகியும் ஆறவில்லை. அந்தக் கோபத்தை ஒளித்து வைத்துக்கொண்டு எழுதினால், எந்தக் காரியத்துக்காக அவர் மேல் கோபப்படுகிறேனோ அதையே நானும் செய்தவளாவேன். நல்லதை எழுதுகிறேன், மற்றதையும் எழுதுகிறேன். மாமா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கருவேப்பிலங்குறிச்சியில். அப்பா நெல்லும் கரும்பும் வைத்தவர். அக்கா பிறந்து எட்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். இனி பிள்ளையே இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிய பிறகு வந்தவள் என்பதால் வீட்டில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பாப்பா’தான். எனக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. போன மாதம்கூட ஒரு சித்தப்பா, பல் இல்லாத வாயால், “பாப்பா சாப்ட்டுச்சா?” என்று பந்தியில் விசாரித்தார்.

அக்கா பத்தாவது வரை படித்தார். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். அந்த வருடம் பார்த்து அம்மா கால் ஒடிந்து படுத்துக்கொண்டார். அடுப்பையும் மாட்டையும் என்னையும் அக்கா எடுத்துக்கொண்டார். எனக்குத் தலை பின்னி, ஸ்கூலுக்கு அனுப்பி, சாயங்காலம் வந்தால் பாடம் ஒப்பிக்கச் சொல்லி, தப்பாகச் சொன்னால் காதைத் திருகுவார். தான் நிறுத்திய படிப்பை அவர் ஒரு நாளும் பெருமூச்சோடு பேசியதில்லை. “நான் படிச்சிருந்தா ஒன்ன யாரு படிக்க வச்சிருப்பா?” என்று சிரித்துவிடுவார்.

இருபத்தொரு வயதில் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு விருத்தாசலம் வந்தார். மாமா பீங்கான் யூனிட்டில் சூளை பார்க்கிறவர். மகள் கயல் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அக்காவும் அதே யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்கும் வேலை. பிறகு சூளையிலிருந்து வெந்து வருவதைத் தரம் பிரிக்கிற இடத்தில் போட்டார்கள். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பொருள் ‘கிணீர்’ என்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துப் போயிருக்கும். பதினாறு வருடம் அதைச் செய்த காது அக்காவுடையது.

அந்தக் காதை அவர் மனிதர்களிடமும் வைத்திருந்தார். யூனிட்டில் எந்தப் பெண்ணாவது வழக்கம் போலப் பேசவில்லை என்றால், “ஏண்டி, ஒனக்கு இன்னைக்கி சத்தம் சரியில்லயே?” என்று டீ நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாராம். புத்தி சொல்ல மாட்டார். புருஷன் அடித்தது, மாமியார் பேசியது, பிள்ளை பெயிலானது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “சரி, டீயக் குடி, ஆறிப்போவுது” என்பார். அக்காவோடு தரம் பிரித்த தனலட்சுமி காரியத்தன்று அழுதுகொண்டே சொன்னது இது: “அவங்ககிட்ட சொன்னா பாரம் கொறஞ்சிடும்மா. அவங்க பாரத்த யாருகிட்ட எறக்குனாங்களோ தெரியல.”

அக்காவின் கேட்கும் குணத்தால் உயிர் பிழைத்தவர்களில் நான் முதல் ஆள். சொந்தக்காரர்கள் பல பேர் இதை நாசூக்காகத் தவிர்ப்பார்கள். நானே எழுதிவிடுகிறேன். எட்டு வருடம் முன்பு அம்மா தவறிய பிறகு எனக்கு மனச்சோர்வு நோய் வந்தது. முதலில் தூக்கம் போனது, அப்புறம் பசி. ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டுப் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். பிள்ளைக்குச் சோறு போட எழுந்திருப்பதே மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. காற்று சேட்டை, பேய் வேலை என்று ஒருவர் சொன்னார், மந்திரிக்கச் சொன்னார் இன்னொருவர். “தின்னுட்டுத் தூங்குனா எல்லாருக்கும் வர்றதுதான்” என்று சொன்னவரும் உண்டு. அவரும் இன்று பந்தியில் இருக்கிறார். நல்லா இருக்கட்டும்.

அக்கா யாரையும் கேட்கவில்லை. என்னைக் கடலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். “பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டர்கிட்டயா?” என்று என் வீட்டுக்காரரே தயங்கினார். அவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர், நல்ல மனிதர், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். அக்கா அவரிடம், “காய்ச்ச வந்தா மாத்திர வாங்கித் தரீங்கல்ல? இதுவும் அந்த மாதிரிதான் தம்பி. வண்டிய எடுங்க” என்றார்.

மாத்திரை ஒரு பக்கம். மறு பக்கம் அக்காவின் சட்டங்கள். காலையில் வெயில் ஏறுமுன் எழுந்து மேம்பாலம் வரை நடந்துவிட்டு வர வேண்டும். ஏழு மணிக்குள் குளித்துவிட வேண்டும். பகலில் பாய் விரிக்கக் கூடாது. சாயங்காலம் ஆறே காலுக்கு அக்கா போன் செய்வார். அன்றைக்கு நடந்த நல்லது ஒன்று, கெட்டது ஒன்று சொல்ல வேண்டும். அவரும் சொல்வார். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு வார்த்தைக்கு மட்டும் தடை.

“‘ஒண்ணுமில்லக்கா’ன்னு மட்டும் சொல்லக் கூடாது பாப்பா. ஒண்ணுமில்லங்கறவங்கதான் எல்லாத்தையும் உள்ள போட்டு அமுக்கிவச்சிருப்பாங்க. எங்கிட்ட நீ மறைக்கக் கூடாது, ஒங்கிட்ட நான் மறைக்க மாட்டேன். சரியா?”

சரி என்றேன். ஆறு மாதத்தில் எழுந்தேன். ஒரு வருடத்தில் மருத்துவர் மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார். ஆறே கால் போன் மட்டும் நிற்கவில்லை. மழை, கரண்டு இல்லாத நாள், அவர் மகளின் பூப்புனித நீராட்டு நடந்த நாள்கூட, மண்டபத்தின் பின்பக்கம் நின்று பேசினார்.

மாத்திரையை நிறுத்திய அன்று அந்த மருத்துவர் அக்காவைத் தனியே அழைத்துச் சொன்னாராம்: அதிர்ச்சியான செய்தி எதுவாக இருந்தாலும் இவங்ககிட்ட பக்குவமாச் சொல்லுங்க. சொல்லுங்க என்றுதான் அவர் சொன்னார். எங்கள் குடும்பம் அதைச் ‘சொல்லாதீங்க’ என்று எடுத்துக்கொண்டது. அன்று முதல் எனக்குச் செய்திகள் வடிகட்டி வந்தன. பெரியப்பா இறந்தது எனக்கு எட்டாம் நாள்தான் தெரியும். ‘பாப்பாவுக்குத் தாங்காது’ என்பது எங்கள் குடும்பத்தின் தேசிய கீதம் ஆயிற்று. நான் நடந்தேன், வேலைக்குப் போனேன், பிள்ளையை வளர்த்தேன். ஆனாலும் தாங்காதவள்தான்.

அக்கா மட்டும் அப்படி இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஆண்டுக்கு முந்தைய ஐப்பசியில் அக்காவுக்கு வயிறு உப்பத் தொடங்கியிருக்கிறது. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். வலி தாங்காமல் போனபோது சினைப்பையில் கட்டி என்றார்கள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். இவ்வளவும் எனக்குப் பிறகு தெரிந்தவை. அந்த ஏழு மாதமும் ஆறே கால் போன் தவறாமல் வந்தது. ஆபரேஷன் நேரத்து நான்கு நாள் மட்டும் வரவில்லை. “போன் தண்ணியில வுழுந்துடுச்சி பாப்பா” என்றார். நேரில் வருகிறேன் என்றபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். நம்பினேன்.

“நல்லது, இன்னைக்கி மல்லாட்ட அவிச்சேன், நல்லா வெந்துச்சி. கெட்டது, பூன வந்து மீனத் தூக்கிட்டுப் போயிடுச்சி.” இப்படித்தான், வேர்க்கடலையும் பூனையுமாகச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அக்கா தினமும் ஆறே காலுக்கு மறைத்தார், நான் தினமும் சாப்பிட்டேன். சில நாள் பின்னால் மைக்கில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம் கேட்கும். “பாங்குல இருக்கேன்” என்பார். ஆறே காலுக்கு எந்தப் பாங்கு திறந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லையே! “என்னாக்கா நீ, எப்பப் பாரு பாங்குலயே கெடக்குற, மேனேசரு ஒனக்கு மாப்ளயா?” என்று கிண்டல் வேறு செய்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கையில் ஊசி குத்தியிருந்த நேரம் அது என்று பிறகு மாமா சொன்னார்.

அந்த மாதங்களில் நான் சொன்ன கெட்டதுகளை நினைத்தால் எனக்கே கூசுகிறது. மிக்சி ரிப்பேர். தலைமையாசிரியை முகம் கொடுத்துப் பேசவில்லை. முட்டி வலி. முட்டி வலிக்காக ஒரு நாள் இருபது நிமிடம் அழுதேன். அக்கா எனக்கு எண்ணெய் தேய்க்கும் முறை சொல்லிக் கொடுத்தார். தான் ஒரு வாய் கஞ்சியை விழுங்க முடியாமல் கிடந்தவர்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை வேப்பூர் பஸ் ஸ்டாண்டில் தனலட்சுமியைப் பார்த்தேன். தன் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்காவுக்கு இப்ப எப்டிம்மா இருக்குது? முடி பூரா கொட்டிடுச்சின்னாங்க, வந்து பாக்கவே மனசு வரல” என்றார். எந்த அக்கா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கும் போகவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. நின்றுகொண்டிருந்த விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா கூடத்தில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் ‘வா’ என்று சொல்லவில்லை.

“யாரு சொன்னா ஒனக்கு?”

அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. சாகக் கிடக்கிற அக்காவைப் பார்க்க ஓடி வந்த தங்கையைத் திருடியைப் போல நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்வி. நானும் விடவில்லை.

“யாரு சொன்னா என்னா? நீ ஏன் சொல்லல? எங்கிட்ட மறைக்க மாட்டன்னு சொன்னியா இல்லியா?”

“நீ தாங்க மாட்ட பாப்பா.”

“நான் தாங்க மாட்டேன்னு யாரு சொன்னா? என்னக் கேட்டியா? ஏழு வருசமா என்ன நடக்க வச்சது நீதான? நடக்கறவள நொண்டின்னு நீயே முடிவு பண்ணிட்டியா?”

மாமா நடுவில் வந்தார். “கத்தாதம்மா. எல்லார்கிட்டயும் அவ தலமேல கைய வக்கச் சொல்லி சத்தியம் வாங்கிட்டா. நாங்க என்னா பண்ணுவோம்?”

“எல்லார்கிட்டயும்னா? யாரு யாரு?”

மாமா ஒவ்வொருவராகச் சொன்னார். கயலுக்குத் தெரியும். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள், வாரா வாரம் என்னோடும் பேசுகிறவள், ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. யூனிட் முழுக்கத் தெரியும். கருவேப்பிலங்குறிச்சியில் பாதிப் பேருக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். புதுச்சேரிக்கு ஒவ்வொரு தடவையும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனதே அவர் கார்தான். என்னிடம் விழுப்புரம் சவாரி என்று சொல்லிவிட்டுப் போய், ராத்திரி வந்து என் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறார். நம்பியவர்கள் எல்லோரும் சேர்ந்து கழுத்தறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லி அழுவதற்கு எனக்கு இருந்தது ஒரே ஆள். அந்த ஆளே எதிரில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு அக்காவோடு எனக்குக் கிடைத்தது இருபத்து மூன்று நாள். ஸ்கூலுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே தங்கினேன். குளிப்பாட்டினேன், கஞ்சி வடித்தேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமலும் இருந்தேன். அதை நினைத்து இப்போது அடித்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த இரண்டு நாள் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மூன்றாம் நாள் அக்காவே என் கையைப் பிடித்தார்.

“நான் ஒனக்காவ மட்டும் மறைக்கல பாப்பா” என்றார். “இந்த ஊருல எல்லாரும் என்ன நோயாளியாப் பாத்தாங்க. வாய் தொறந்தா, ரிப்போட்டு என்னாச்சு, எத்தன ஊசி பாக்கின்னுதான் கேட்டாங்க. நீ ஒருத்திதான் மிக்சி ரிப்பேருன்னு அழுத. அந்தக் கால் மணி நேரம் எனக்கு ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்துச்சி. அத வுட மனசு வரல.”

இதைக் கேட்டால் கோபம் போய்விடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். எனக்குக் கூடியது. அவருக்கு வேண்டியதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். எனக்கு வேண்டியதைத் தரவில்லை. அவர் எனக்குச் செய்ததில் பத்தில் ஒன்றாவது, ஏழு மாதம், நான் திருப்பிச் செய்திருப்பேன். அந்த வாய்ப்பைக் கேட்காமலேயே பிடுங்கிக்கொண்டார். அவரிடமே இதைச் சொன்னேன். “தப்புதான்” என்றார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவையும் “தப்புதான் பாப்பா” என்றார். அக்கா என்னிடம் தப்பு என்று ஒப்புக்கொண்டது என் ஆயுளில் அந்த ஒரு முறைதான்.

கயல் அந்த நாள்களில் ஒரு தடவை வந்து நான்கு நாள் இருந்தாள். கடைசி வருடப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. “எழுதி முடிச்சிட்டு வா, அம்மா எங்கயும் போவ மாட்டேன்” என்று சொல்லி அக்கா அனுப்பிவைத்தார். மருத்துவரும் இன்னும் ஒரு மாதம் என்றுதான் சொல்லியிருந்தார். கயலின் கடைசிப் பரீட்சை நாளன்று காலை பத்து மணிக்கு, நான் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது, அக்கா இரண்டு முறை இழுத்து மூச்சு விட்டார். மூன்றாவது வரவில்லை.

பன்னிரண்டரைக்கு அக்காவின் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

“சித்தி, எக்ஸாம் முடிஞ்சிடுச்சி! நல்லா எழுதிருக்கேன். அம்மாகிட்ட குடுங்க.”

கூடத்தில் அதற்குள் ஐஸ் பெட்டி வந்திருந்தது. வெளியே சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், வேண்டாம் என்று. என் வீட்டுக்காரரும் ஆட்டினார். நம் ஊரில் செத்துப் போனவரை யாரும் செத்துப் போனார் என்று போனில் சொல்வதில்லை. ‘சீரியஸா இருக்குது, கெளம்பி வா’ என்போம். தனியாக பஸ்ஸில் வருகிற பிள்ளை பதறக் கூடாது என்பதற்காக. என் வாயிலும் அதுதான் வந்தது.

“அம்மா தூங்குறாங்கம்மா. கொஞ்சம் சீரியஸா இருக்குது. நீ கெளம்பி வந்துடு.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவலயா? சித்தி, உண்மைய சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அம்மா இருக்காங்கல்ல?”

“இருக்காங்கம்மா.”

“அப்ப சரி. வரும்போது அம்மாவுக்கு என்னா வாங்கியாரட்டும்?” என்று கேட்டாள்.

“சாத்துக்குடி வாங்கியா” என்றேன்.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன். யாரும் என் கையைத் தங்கள் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கவில்லை. இருபத்து மூன்று நாளாக ஏன் மறைத்தீர்கள், ஏன் மறைத்தீர்கள் என்று வீட்டையே இரண்டாக்கியவள் நான். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான். பிள்ளை பதறக் கூடாது என்று நினைத்தேன், அது உண்மை. நீயும் என்னிடம் மறைத்தவள்தானே என்ற நினைப்பு மனதின் ஒரு மூலையிலாவது இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை.

வேப்பூர் கூட்டு ரோட்டில் என் வீட்டுக்காரர் காரோடு போய் அவளை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவள் பரீட்சைக் கேள்விகளைச் சொல்லிக்கொண்டே வந்தாளாம். அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு முன்னால் பார்த்து ஓட்டியிருக்கிறார். தெருமுனையில் கார் திரும்பியதும் பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன. அங்கேயே இறங்கிக்கொண்டாளாம். மீதித் தெருவை, கையில் சாத்துக்குடிப் பையோடு, நடந்து வந்தாள். வந்து, பையைப் பெட்டியின் தலைமாட்டில் வைத்தாள். அதன் பிறகுதான் அழுதாள். அழுவதற்கு முன்னால் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. புதுச்சேரி ஆஸ்பத்திரியில், ஊசி போடும் முன் ஒவ்வொரு தடவையும் ‘அம்மா, கொஞ்சம் வலிக்கும்’ என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போட்ட அந்த நர்ஸ் பெண்ணுக்கு முதல் நன்றி. முறை வைத்துக் கஞ்சி கொண்டு வந்த எதிர் வீட்டாருக்கும், தங்கள் வேலையோடு அக்காவின் வேலையையும் சேர்த்துப் பார்த்து அவர் இடத்தைக் காலியாக்காமல் வைத்திருந்த யூனிட் பெண்களுக்கும் நன்றி. வாய் தவறி எனக்கு இருபத்து மூன்று நாளைக் கொடுத்த தனலட்சுமிக்கு, அவர் அதை நினைத்து இன்னும் வருந்துவதால், இதன் மூலம் சொல்கிறேன்: நீங்கள் செய்தது உதவி. பெண்டாட்டியை ஒரு வார்த்தை அதட்டாமல், முகம் சுளிக்காமல் கடைசி வரை தூக்கிச் சுமந்த மாமாவுக்கு என் வணக்கம். ஏழு மாதம் கார் ஓட்டிய என் வீட்டுக்காரருக்கும் நன்றி உண்டு. அவரோடு எனக்குப் பாக்கியும் உண்டு, அதை வீட்டில் பேசிக்கொள்கிறோம்.

உறவுகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி யாருக்கு என்ன ஆனாலும் எனக்கும் சொல்லுங்கள். நான் அழுவேன். சில நாள் தூங்காமலும் இருப்பேன். தேவைப்பட்டால் மறுபடியும் கடலூர் மருத்துவரிடம் போவேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கஷ்டத்தில் எனக்கும் ஒரு பாயும் தலையணையும் போடுங்கள். வாசலில் நிறுத்தாதீர்கள்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் கயலுக்கு அனுப்பினேன். இந்த மலரைக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டியவள் அவள்தான். சாத்துக்குடி பற்றி இந்த ஓர் ஆண்டில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. படித்தால் என்ன சொல்வாளோ என்று மூன்று நாள் போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டிருப்பேன். நான்காம் நாள் அவளே பேசினாள்.

“படிச்சேன் சித்தி. எதையும் எடுக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்” என்றாள்.

“ஆனா நான் இன்னும் ஒங்கள மன்னிக்கல. அதையும் போடுங்க.”

போட்டிருக்கிறேன்.